லாட் கலக்காத எலிகள்

போன வாரம் சத்துவாச்சாரி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாணியம்பாடிப் பெண். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கத்திரிக்காய். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அமுதா மேடம், நீங்க விருப்ப ஓய்வுல போய்ட்டீங்கன்னு சொன்னாங்க. ஒரே ஒரு டவுட்டு. ஹார்ட் ஃபெயிலியர் ஆராய்ச்சிக்கு எந்த எலி நல்ல எலி? சாயங்காலத்துக்குள்ள ஆர்டர் போடணும்."

காய்கறிக்காரம்மா தராசை அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, எலிக்கு ஹார்ட்டு இருக்குதா?"

"இருக்குதும்மா. பட்டாணி சைஸுல."

"அதுக்கும் பேஜாரா?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. நாங்கதான் பேஜார் பண்ணி வெச்சுப் பார்ப்போம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடம் சாதுவாகக் காய் வாங்கிப் போன பெண்ணுக்குள் இப்படியொருத்தியா என்ற பார்வை. பிறகு தொழிலுக்குத் திரும்பினார். "சரி, கத்திரிக்கா எதுக்கு? எண்ணெயில வதக்கவா, சாம்பாருக்கா? சொன்னாத்தானே பொறுக்கித் தர முடியும்."

இதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை. ஆனால் போனில் இருந்தவள் விடவில்லை. "எழுதியாவது அனுப்புங்க மேடம்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். எலியில் தொடங்கிய பேனா ஆம்பூர்ப் பக்கம் ஓடிவிட்டது. ஓடட்டும். ஓரிடத்தில் நிற்கும் பழக்கம் எனக்கும் கிடையாது. அதனால்தான் ஐம்பத்து மூன்றிலேயே வேலையை விட்டேன்.

எங்கள் ஆய்வு நிலையம் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கிலிருந்து காற்றடித்தால் தோல் வாசனை. கிழக்கிலிருந்து அடித்தால் லாரி ஹாரன். எலிக்கூடத்துக்குள் இரண்டும் கிடையாது. வடிகட்டிய காற்று, அளந்த வெளிச்சம், கூண்டில் விரித்த உமியின் மெல்லிய நெடி. வெயிலில் வேலூர் வேகும்போது எங்கள் எலிகள் ஏசியில் இருக்கும். மே மாதத்தில் எலிக்கூட டியூட்டிக்கு அடிதடி நடக்கும் என்பதை இப்போது வெளியே சொல்லலாம்.

விலங்கியல் படித்தேன், நிலையத்தில் சேர்ந்தேன், வெளியூருக்கு அனுப்பி அறுவைச் சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள், திரும்பி வந்தேன். கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மீதியெல்லாம் கைக்குத்தான் தெரியும். அந்தக் கை செய்த வேலையைச் சொல்கிறேன்.

மயக்கிய சுண்டெலியை வெதுவெதுப்பான தட்டில் மல்லாத்திப் படுக்க வைப்போம். நுண்ணோக்கிக்குக் கீழே அதன் நெஞ்சு ஒரு மைதானம்போல விரியும். மேல் விலா எலும்புகளுக்கு நடுவில் சின்னக் கீறல். கொழுகொழுவென்று ஒரு சுரப்பி குறுக்கே வரும். அதை மெல்ல ஒதுக்கினால் பெருந்தமனியின் வளைவு தெரியும். தெரியும் என்றா சொன்னேன்? அது துள்ளும். அறைக்குள் அவ்வளவு அவசரமான வேறு ஒன்று கிடையாது. அதற்கு அடியில் பட்டு நூலை நுழைத்து, மேலே ஒரு மெல்லிய ஊசியைப் படுக்கப் போட்டு, தமனியையும் ஊசியையும் சேர்த்து ஒரே முடிச்சாகக் கட்ட வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் உருவ வேண்டும். ஊசி இருந்த அளவுக்குத்தான் இனி வழி. அந்தச் சந்துக்குள் ரத்தத்தைத் தள்ளுவதுதான் அந்த இதயத்தின் மிச்ச வாழ்க்கை.

முதலில் இதயம் ஜிம்முக்குப் போகிறவனைப் போலப் பருக்கும். சதை தடிக்கும், முறுக்கேறும், பார்க்க ஜோராக இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் களைக்கும். சுவர் தளரும், அறை விரியும், துடிப்பு சோர்ந்துபோகும். அந்தக் களைப்புதான் எங்களுக்கு வேண்டியது. மனிதனுக்கு வருவதும் அதுதான். எல்லா எலியும் ஒரே மாதிரி களைப்பதில்லை. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாத் தொல்லைக்கும் அதுவே காரணம்.

எங்கள் தலைவர் நஸ்ரீன் மேடம். பேரணாம்பட்டில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்த குடும்பம். அதிலிருந்து தப்பி வந்து எலியிடம் மாட்டிக்கொண்டவர். ஒல்லி உடம்பு, பெரிய கைப்பை, நாற்காலியில் உட்காராத கால்கள். ஆய்வு மாணவர் யார் எலி கேட்டு வந்தாலும் அவரிடம் ஒரு சடங்கு உண்டு. கண்ணை மூடிக்கொள்வார். வலது கையை விரித்துத் தூக்கிப் பிடிப்பார். மாணவர் தன் கேள்வியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற பாஷையில். நடுவில் மூச்சு வாங்கினால் கை மூடிக்கொள்ளும்.

"போ. டீ குடிச்சிட்டு வா. உனக்கே இன்னும் கேள்வி தெரியல."

கண்ணை ஏன் மூடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும். சரின்னு கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார்.

ஜெபசீலி அந்தக் கையை மூன்றாம் தடவைதான் தாண்டினாள். ஆம்பூர்ப் பெண். அப்பா அருள்தாஸ் அங்கே தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டிரம் மேஸ்திரி. வீடு அளவுக்குப் பெரிதாக மரத்தில் செய்த டிரம்கள், உள்ளே தண்ணீரும் ரசாயனமும் தோலுமாக உருளும், அவற்றை ஓட்டுகிறவர். ஜெபா தொணதொணவென்று பேசுவாள், வேலை செய்யும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவளுடைய ஆய்வுக்காலம் தீர வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு பரிசோதனைகள் புஸ்ஸென்று போயிருந்தன. இதுவும் போனால் பட்டம் இல்லை. வீட்டில் அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது: "படிச்சது போதும்."

அன்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "அழுத்தம் தாங்கித் தாங்கிக் களைச்சுப்போன இதயத்த இந்த மருந்து தேத்தி வுடுமா?"

கை மூடவில்லை. கண் திறந்தது.

"ஜோர். அப்போ உனக்கு இன்னா மாதிரி இதயம் வேணும்?"

"களைச்சுப்போறது மேடம்."

"சாவுறது வேணாம். முறைச்சுக்கிட்டு நிக்கிறதும் வேணாம். களைச்சுப்போறது. அமுதா, கடைய விரி."

நான் விரித்தேன். வெள்ளை எலி ஒரு வகை, பசு மாதிரி சாது. கையில் பிடிக்கச் சுலபம் என்று ஜெபாவுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் நிலையத்தில் நிறைய இருந்த வெள்ளை, சந்தைக் கூட்டம்போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்று களைக்கும், பக்கத்துக் கூண்டுக்காரன் ஒன்றுமே ஆகாததுபோலத் தூங்குவான். காக்கி நிறத்தில் ஒரு வகை உண்டு. அதற்கு மாரடைப்பு உண்டாக்கினால் சில நாளிலேயே இதயச் சுவர் கிழிந்துவிடும். கிழிசலைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அது தங்கம், எங்களுக்குத் தொல்லை. சாம்பல் பூத்த பழுப்பில் ஒரு வகை, யாரும் எதுவும் செய்யாமலே இதயத்தில் சுண்ணாம்பு படியவிடும். கடைசியில் கருப்பு. உலகம் முழுக்க அதிகம் பேர் வைத்திருப்பது, அதிகம் எழுதப்பட்டது, அக்கா தங்கை எல்லோரும் ஒரே அச்சு.

"கருப்பு" என்றார் மேடம். ஜெபா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். கேள்விக்கு ஏற்ற எலியைப் பொறுக்கிவிட்டோம் என்று மூன்று பேருக்கும் ஏகத் திருப்தி.

இங்கே ஒரு சிறு சங்கதி. எங்களுக்குக் கருப்பு எலி தந்துகொண்டிருந்த பண்ணை திடீரென்று நிறுத்திவிட்டது. ஜெபாவுக்கு வேண்டியதில் பாதி கையில் இருந்தது. மீதியை வேறொரு பண்ணையிலிருந்து வரவழைத்தோம். அதே கருப்புதானா என்று மேடம் கேட்டார். அதேதான் என்றார்கள். வந்து இறங்கியதும் பார்த்தோம்: அதே மூக்கு, அதே வால், அதே பளபளப்பு. அதேதான்.

எங்கள் எலிக்கூடத்தை நிர்வகித்தவர் தனபால். தினம் ஆலங்காயத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். எங்களிடம் வருமுன் வாணியம்பாடி டேனரி ஒன்றில் இருந்தவர். அவர் போட்ட சட்டம்: பழைய பண்ணை எலிகள் வலது ரேக், புதுப் பண்ணை எலிகள் இடது ரேக்.

"லாட்டைக் கலக்கக் கூடாதுக்கா" என்பார்.

எங்கள் பக்கத்தில் யாரிடமும் இதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை. ஒன்றாக வந்து இறங்கிய தோல்கள் ஒரு லாட். ஒரு லாட்டுக்கு ஒரு டிரம். வேறு லாட்டின் தோலை உள்ளே விட்டால் ஒன்று சாயத்தை ஜாஸ்தி குடிக்கும், ஒன்று கம்மியாகக் குடிக்கும். மொத்தமும் திட்டுத் திட்டாக வெளியே வரும். ஆம்பூரில் குழந்தைகள் "கையைக் கழுவு" என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்டு வளர்வது "லாட்டைக் கலக்காதே" என்பதைத்தான்.

ஜெபாவும் கலக்கவில்லை. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்று பிரிக்கும் நாளில் அழகாக, சுத்தமாக, குழப்பமே இல்லாமல் பிரித்தாள். வலது ரேக் முழுக்க மருந்து. இடது ரேக் முழுக்கத் தண்ணீர். தனபால் அந்த இரண்டு ரேக்குகளையும் பார்த்து நெஞ்சு குளிர்ந்துபோய், "இதாம்மா வேலை" என்றார். மேடமும் எட்டிப் பார்த்தார். "ஜோரா இருக்குது" என்றார்.

நான் முடிச்சுப் போட்டேன். காலையில் இரண்டு, மதியம் இரண்டு என்று நிதானமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கை ஓட்டத்துக்காகச் சில எலிகளுக்கு முடிச்சுப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். மேடையேறுமுன் பாடகர்கள் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. எலிக்கும் நெறிமுறைக் கமிட்டி உண்டு, அதற்கும் அனுமதி வாங்கித்தான் செய்வோம். ஜெபாவின் பாதிக் கணக்குப் போக வலது ரேக்கில் சில எலிகள் உபரியாக இருந்ததால் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவை பரிசோதனையில் சேர்த்தி இல்லை. மருந்தும் இல்லை, தண்ணீரும் இல்லை. ரேக்கின் கடைசித் தட்டில் ஒரு கூண்டில், யாருடைய கேள்விக்கும் பதில் சொல்லும் பொறுப்பில்லாமல் இருந்தன.

வாரங்கள் ஓடின. எக்கோ எடுக்கும் நாள் வந்தது. எலிக்கும் எக்கோ உண்டு; நெஞ்சு முடியை மழித்து, ஜெல் தடவி, நமக்கு எடுப்பதுபோலவேதான். எது மருந்து எலி, எது தண்ணீர் எலி என்று எடுக்கிறவருக்குத் தெரியக் கூடாது. அந்த விதியை நாங்கள் கறாராகக் கடைப்பிடித்தோம். எல்லாம் முடிந்து, மறைத்து வைத்த அடையாளத்தைப் பிரித்துப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. தண்ணீர் குடித்த எலிகளின் இதயங்கள் விரிந்து, தளர்ந்து, ஈரத் துணிபோலத் தொங்கின. சில முன்பே இறந்துபோயிருந்தன. மருந்து குடித்தவற்றின் இதயங்கள் தடித்திருந்தன. ஆனால் ஓங்கி அடித்தன.

ஜெபா சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே முகத்தில் செய்தாள். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். ஷிப்டில் இருந்தவர், டிரம் சத்தத்துக்கு மேலே கத்தினார். எங்களுக்கெல்லாம் கேட்டது.

"இன்னாம்மா? மருந்து வேலை செய்யுதா? டேய், நிறுத்துடா டிரம்ம! எம் பொண்ணு ஹார்ட்டுக்கு மருந்து கண்டுபுடிச்சுட்டாடா!"

பின்னால் யாரோ, "மேஸ்திரி, டிரம்ம நிறுத்துனா தோலு போய்டும்" என்பதும் கேட்டது.

அன்றைக்கே கேன்டீனில் சமோசா, டீ. கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு. தனபால் இரண்டு சமோசாவோடு என்னிடம் வந்தார்.

"அக்கா, கடைசித் தட்டுல உன் ஆளுங்க இருக்கானுங்களே, கை ஓட்டத்துக்குப் போட்டது. அவனுங்கள இன்னா பண்றது? விதிப்படி கதைய முடிச்சுடணும். ஆனா ஜாலியா ஓடிக்கிட்டு கிடக்கானுங்க. பாக்கவே ஆசையா இருக்குது."

சமோசா என் கையில் பாதியில் நின்றது.

என் ஆட்கள். அதே முடிச்சு, அதே ஊசி, அதே கை. மருந்து ஒரு சொட்டும் கிடையாது. அவை ஜாலியாக ஓடக் கூடாது.

போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் சக்கரத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவனை இறக்கிவிட்டு ஏறப் பார்த்தான். கூண்டைத் தூக்கிக்கொண்டு எக்கோ அறைக்குப் போனேன். கெட்ட சேதி எப்போதும் திரையின் ஓரத்தில் ஒளிந்துதான் வரும். இது திரையின் நட்டநடுவில் வந்தது. தடித்த, உறுதியான, ஓங்கி அடிக்கும் இதயங்கள். மருந்து குடித்தவற்றுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஜெபாவைக் கூப்பிட்டேன். வாயில் கெச்சப்போடு வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"இது மருந்து குரூப்பாக்கா?"

"இல்ல. நான் கை ஓட்டத்துக்குப் போட்டது. மருந்தே குடுக்கல."

கெச்சப்பைத் துடைத்தாள். "அப்போ முடிச்சு லூசா இருக்கும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்று ஒரு சண்டை நடந்திருக்கும். முடிச்சுச் சந்தில் ரத்தம் பாயும் வேகத்தை அளந்து காட்டினேன். விரலால் அடைத்த குழாய்போலச் சீறிக்கொண்டு பாய்ந்தது. முடிச்சு இறுக்கம்தான்.

"மருந்து இல்லாமலே நல்லா இருக்குதுங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அப்போ மருந்து..."

எழுந்து எலிக்கூடத்துக்குப் போனாள். நானும் போனேன். இரண்டு ரேக்குகளுக்கும் நடுவில் நின்று வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். அந்த அறையில் அவ்வளவு ஒழுங்காக வேறு எதுவும் இருந்ததில்லை.

"அக்கா" என்றாள். "நான் லாட்டைக் கலக்கல."

டேனரியில் இதைச் சொல்லியிருந்தால் யாராவது முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். இங்கே அது வேறு மாதிரி ஒலித்தது. மருந்து வாங்கியதெல்லாம் பழைய பண்ணை. தண்ணீர் வாங்கியதெல்லாம் புதுப் பண்ணை. நாங்கள் இத்தனை நாள் ஒப்பிட்டது மருந்தையும் தண்ணீரையும் அல்ல. இரண்டு பண்ணைகளை.

தனபால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. பதறிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

"பாப்பா, அந்தக் கூண்டு கணக்குலயே இல்ல. வுட்டா யாருக்குத் தெரியும்? எலி போயிச் சொல்லப் போவுதா இன்னா?"

ஜெபா அவரையே பார்த்தாள். நல்ல மனசிலிருந்து வந்த யோசனை அது. அவள் பட்டம் வாங்க வேண்டும் என்று அவள் அப்பாவுக்கு அடுத்து அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது போயிச் சொல்லாதுண்ணே. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வராது. இந்த மருந்த நம்பி நாளைக்கு ஒரு ஆளுக்குக் குடுத்தா?"

மேடத்தின் அறைக்குப் போனோம். அவர் வீட்டுக்குக் கிளம்பக் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். ஜெபாவின் முகத்தைப் பார்த்ததும் தானாகவே கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். ஜெபா ஒரே மூச்சில் சொன்னாள்: "மருந்து எலியெல்லாம் ஒரு பண்ணை, தண்ணி எலியெல்லாம் வேற பண்ணை, அமுதாக்கா முடிச்சுப் போட்ட பழைய பண்ணை எலி மருந்தே இல்லாம நல்லா இருக்குது."

கை நெடுநேரம் விரிந்தே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

"அந்த ரேக்க நானும் வந்து பாத்தேனே" என்றார். "ஜோரா இருக்குதுன்னு வேற சொன்னேன். பேரணாம்பட்டுக்காரி கண்ணு! லாட்டு கலக்காம இருந்தா அதுக்கு மேல எதுவும் தெரியாது." கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். "வால்ல இருந்து துளி எடுத்துப் பாருங்க. இது ரெண்டும் ஒரே ஜாதியா, வேற வேறயான்னு தெரிஞ்சுட்டு அப்புறம் அழலாம்."

பார்த்தோம். இரண்டு கருப்புக்கும் பூட்டன் ஒருவன்தான். பல தலைமுறைக்கு முன் குடும்பம் பிரிந்து இரண்டு பண்ணைகளுக்குப் போனது. போன இடத்தில் பழைய பண்ணை எலியிடம் ஒரு மரபணு உடைந்துபோயிற்று. இதயச் செல்லுக்குள் சக்தியைக் கையாளும் சங்கதி அது. உடைந்ததால் நஷ்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அழுத்தத்தைத் தாங்குகிற விஷயத்தில் அந்த உடைசலே அவனுக்குக் கவசம். உடையாதவன் சீக்கிரம் களைத்துவிடுவான். மரபணுவைப் பிரித்துக் காட்டும் ஜெல் தட்டில் இரண்டு கோடுகள் இரண்டு உயரத்தில் பளிச்சென்று நின்றன. வெளியே மூக்கும் வாலும் பளபளப்பும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகம் ஒரே ஒரு நீட்டிப்புக் கொடுத்தது. இதற்குமேல் கிடையாது என்று தெளிவாகச் சொல்லியே கொடுத்தது. மேடம் இரண்டு பண்ணை எலிகளையும் மறுபடி வரவழைத்தார். இம்முறை ஒவ்வொரு பண்ணையிலும் பாதிக்கு மருந்து, பாதிக்குத் தண்ணீர். எது எதற்கு என்பதை நாங்கள் முடிவுசெய்யக் கூடாது, சீட்டு முடிவுசெய்யும். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மடித்த சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். கூண்டுகளையும் இரண்டு ரேக்கிலும் கலந்து வைக்க வேண்டும். தனபாலுக்குக் கை வரவில்லை.

"கலக்குறதா? அக்கா, இந்தக் கையால நான் கலக்க மாட்டேன். நீயே கலந்துக்க."

"சீட்டாவது எடுண்ணே" என்றாள் ஜெபா.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாம்புப் பொந்துக்குள் கை விடுகிறவர்போல டிபன் பாக்ஸுக்குள் விரலை விட்டார். ஜெபா கூண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அரை அடி பின்வாங்கிப் பார்ப்பாள். பழக்கம் விரலில் இருக்கிறது. புத்தி சொன்னால் உடனே கேட்டுவிடாது.

நான் திரும்பவும் முடிச்சுப் போடத் தொடங்கினேன். என் வாழ்க்கையிலேயே அழகான முடிச்சுகள் அந்த மாதங்களில் போட்டவைதான் என்று நினைக்கிறேன். எந்த எலிக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்று எனக்குக் காட்டாததால், தெரியாமல் போட்டவை. தெரியாதபோது கைக்கு ஒரு சுதந்திரம் வருகிறது.

இதற்கிடையில் ஆம்பூரில் நிலைமை மோசம். அருள்தாஸ் அண்ணன் டேனரி முழுக்கச் சொல்லிவிட்டார். சர்ச்சில் நன்றி ஜெபம் வைத்துவிட்டார். யாருக்கோ நெஞ்சு அடைத்தால், "கொஞ்சம் பொறு, எம் பொண்ணு மருந்து வருது" என்கிறாராம். ஜெபா இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வாள்.

"நீ இன்னும் சொல்லலையா?"

"எப்பிடிக்கா சொல்றது? லாட்டைக் கலக்காதேன்னு சொல்லி வளத்த மனுசன். கலக்காததுதான் தப்புன்னு போயி நிக்கணும்."

எக்கோ முடிந்தது. அடையாளம் பிரித்தோம். இம்முறை சமோசா சொல்லவில்லை. பழைய பண்ணை எலிகள் மருந்தோடும் தாங்கின, தண்ணீரோடும் தாங்கின. புதுப் பண்ணை எலிகள் மருந்தோடும் களைத்தன, தண்ணீரோடும் களைத்தன. மருந்து அந்தக் கூடத்துக்குள் வந்துபோனதற்கு ஒரு தடயமும் இல்லை. பண்ணை மட்டும்தான் பேசியது. ஆனால் எவ்வளவு தெளிவாகப் பேசியது! மேடம் ஜெபாவிடம் சொன்னார்: "மருந்த மூட்டை கட்டு. உன் கேள்வி மாறிடுச்சு. ஒரே மூச்சுல சொல்லு பாப்போம்."

"களைக்கிற இதயம் வேணும்னா எந்தக் கருப்பு, தாங்குற இதயம் வேணும்னா எந்தக் கருப்பு, ஏன்?"

கை மூடவில்லை.

வாணியம்பாடிப் பெண்ணே, உன் கேள்விக்கு இதற்குள் பதில் இருக்கிறது. இல்லை என்றால் நேராகவே சொல்கிறேன். நல்ல எலி என்று ஒன்று கிடையாது. களைப்பைப் படிக்கப் போகிறாயா, கிழிசலையா, தாங்கும் சக்தியையா என்று முதலில் சொல்லு, அதற்கேற்றது கிடைக்கும். ஆணா பெண்ணா, வயது என்ன என்று பார். எந்தப் பண்ணை, அதற்குள் எந்தக் கிளை என்று கேள். "அதேதான்" என்று யார் சொன்னாலும் வாலைக் கேள். மருந்துக்கு ஒரு குடும்பம், தண்ணீருக்கு ஒரு குடும்பம் என்று வைக்காதே. கையில் ஒரு டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்.

வாய்மொழித் தேர்வு நாளன்று அரங்கின் முன்வரிசையில் அருள்தாஸ் அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் மட்டும் டிரம்மில் தோலுக்கு ஏறும் ரசாயன நீலம் போகாமல் இருந்தது. மகள் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால் நான் மேடையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஆரம்பத்துல நீங்க ஒரு மருந்தோட இறங்கியிருக்கீங்க. அந்த மருந்து கடைசியில என்னதான் செஞ்சுது?"

ஜெபா தேர்வாளரைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற பாஷையில் சொன்னாள்:

"ஒண்ணும் செய்யல சார். நான் லாட்டைக் கலக்காம வெச்சதால செஞ்ச மாதிரி தெரிஞ்சுது. கலந்தப்புறம் உண்மை தெரிஞ்சுது."

பிறகு முழுக் கதையையும் சொன்னாள். சக்கரத்தில் ஓடியவனையும் விடவில்லை. தேர்வாளர் நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், எங்கள் கூடத்திலும் ஒரு கருப்பு இருக்கிறது, போனதும் முதல் வேலையாக வாலைப் பார்க்கிறேன் என்றார். அரங்கம் சிரித்தது. பட்டம் அந்தச் சிரிப்பிலேயே வந்துவிட்டது. அறிவிப்பு பிறகு வந்தது.

அருள்தாஸ் அண்ணன் சிரிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அப்போ மருந்து வேலைக்கு ஆவாதா?"

"ஆவாதுண்ணே."

"டிகிரி?"

"வந்துடுச்சு."

தன் நகங்களைத் தேய்த்துக்கொண்டார். "சர்ச்சுல வேற சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். பிறகு, "சரி, எம் பொண்ணு பொய் சொல்லலன்னு அடுத்த வாரம் அதே மைக்குல சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

வெளியே வராந்தாவில் மேசை போட்டு அவர் கொண்டுவந்த மக்கன் பேடா இனிப்பை வைத்தோம். இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒரே கடையில் அவ்வளவு கிடைக்காததால் இரண்டு கடைகளில் வாங்கியிருந்தார். அதே உருண்டை, அதே பழுப்பு, அதே பாகின் பளபளப்பு. பெட்டிகளைத் தனித்தனியாகத் தள்ளி வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கறாராகச் சொன்னார்:

"இது ஒரு கடை, அது ஒரு கடை. கலந்துடாதீங்க."

தனபால் பலமாகத் தலையாட்டினார்.

ஜெபா ஒரு பெரிய தாம்பாளத்தை எடுத்தாள். அப்பா தடுப்பதற்குள் ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள். இன்னொன்றையும் கவிழ்த்தாள். தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கி, முதலில் மேடத்தின் முன்னால் நீட்டினாள்.

நஸ்ரீன் மேடம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.